காளை வரிசை

ஜூலை பாதி தாண்டினால் இன்றைக்கும் எனக்கு விடியற்காலை ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. நான் கொண்டை பறிக்கப் போய் நாற்பது வருஷம் ஆகிறது; உடம்புக்கு அதெல்லாம் தெரிவதில்லை. ஜன்னலைத் திறந்தால் நனைந்த சோளக்காட்டு வாசனை உள்ளே வரும். அந்த வாசனையைப் புட்டியில் அடைத்து விற்றால் நெப்ராஸ்காவில் எங்கள் ஸலீன் கவுண்டியில் ஐம்பது வயது தாண்டிய அத்தனை பேரும் கியூவில் நிற்போம். வாங்கி ஒரு தடவை முகர்ந்துவிட்டு உடனே முழங்கையைச் சொறிய ஆரம்பிப்போம்.

மக்காச்சோளச் செடியின் உச்சியில் விரியும் ஆண் பூவைத்தான் கொண்டை என்போம். விதைச்சோளம் போட்ட காட்டில் நாலு வரிசை பெண், அடுத்து ஒரு வரிசை காளை, அதாவது மகரந்தம் தரும் ஆண், மறுபடியும் நாலு பெண். பெண் வரிசையில் ஒரு கொண்டை விடாமல் பிடுங்கி எறிய வேண்டும். காளை வரிசையில் கை வைக்கவே கூடாது. பெண் செடி தன் மகரந்தத்தைத் தன்மேலேயே கொட்டிக்கொண்டால் அது விதை இல்லை, வெறும் மாட்டுத்தீவனம். இவ்வளவுதான் சாஸ்திரம். இந்த வேலைக்கு நெப்ராஸ்காவில் பெரியவர்கள் யாரும் அகப்படுவதில்லை. அதனால் பன்னிரண்டு வயது ஆன எல்லாப் பிள்ளைகளையும் மஞ்சள் பஸ்ஸில் அள்ளிப் போட்டுக்கொண்டு போவார்கள்.

காலையில் இலையெல்லாம் பனியாக இருக்கும். குப்பை போடும் கறுப்புப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொள்வோம். பத்து மணிக்குள் அது அவிய ஆரம்பிக்கும், கழற்றி எறிவோம். பிறகு இலை முகத்தை அறுக்கும். ராத்திரி தூங்கும்போது கை தானாக மேலே போய் எதையாவது பிடுங்கும். என் போர்வையின் குஞ்சங்கள் எல்லாம் அந்த மூன்று வாரத்தில்தான் போயின. ஆனால் அந்த பஸ்ஸில் சிரித்த மாதிரி அதற்குப் பிறகு நான் சிரித்ததில்லை. கல்யாணத்தில்கூட இல்லை, என் கணவரே இதை ஒப்புக்கொள்வார்.

1984-இல் எனக்குப் பதினைந்து வயது. கூலி மணிக்கு மூன்று டாலர் நாற்பது சென்ட். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரு நாளும் தப்பாமல் வந்தால் மணிக்கு இன்னொரு ஐம்பது சென்ட் சேர்த்துத் தருவார்கள். முழுவரவுப் பணம் என்று அதற்குப் பெயர். காய்ச்சல், பல்வலி, பாட்டி சாவு எதுவானாலும் ஒரு நாள் விட்டால் அத்தனையும் போச்சு. எங்களைக் கூட்டிப் போகும் ஒப்பந்தக்காரர் ரெஸேக், மற்ற மாதங்களில் எங்கள் பள்ளியின் கூடைப்பந்து கோச். கெட்டவர் இல்லை. விதைக் கம்பெனி ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுப்பதில் பஸ்ஸுக்கும் பெட்ரோலுக்கும் எங்களுக்கும் போக அவர் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் ஒரு வசனம் வைத்திருந்தார்: "விட்டது உங்க கை, எடுக்கறது உங்க காசு." பறிக்காமல் விட்ட கொண்டை இருந்தால் அந்தக் காட்டை மறுபடி ஒருமுறை கூலியில்லாமல் நடக்க வேண்டும் என்று அர்த்தம்.

இதை எல்லாரும் ஒப்புக்கொண்டுதான் இருந்தோம். அந்த வருஷம் எங்கள் அப்பாவின் எண்பது ஏக்கர் வந்தபோதுதான் எனக்கு வம்பு வந்தது.

அப்பா லெனர்ட் ஹாவெல்கா முதன்முறையாக விதைச்சோள ஒப்பந்தம் எடுத்திருந்தார். சாதாரணச் சோளம் விற்றால் போட்ட டீசலுக்குக் கட்டாத காலம் அது. சுற்றுவட்டாரத்தில் ஏலம் போடாத வாரம் இல்லை. எங்கள் குழுவில் இருந்த ரோண்டாவின் வீட்டுப் பண்ணை மார்ச்சில் ஏலத்தில் போய்விட்டது. ஊருக்குள் வாடகை வீட்டில் இருந்தார்கள். அவளுக்குப் பதினாலு வயது, குழுவிலேயே நிதானமானவள். அதனால் கோச் அவளைத்தான் எங்கள் பின்னால் நடந்து, நாங்கள் விட்ட கொண்டையைப் பார்க்கும் வேலைக்கு வைத்திருந்தார். முழுவரவுப் பணம் வந்ததும் புதுக் கண்ணாடி வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய கண்ணாடி ஒரு பக்கம் கீறல், இன்னொரு பக்கம் டேப்.

"பார்வை தெரியாதவள பார்க்கற வேலைக்கு வெச்ச ஒரே ஆளு நம்ம கோச்சுதான்" என்று கர்ட் சொல்லுவான். பஸ்ஸின் கடைசி சீட்டு அவனுக்குச் சொந்தம், வாய் மூடியே இருக்காது.

"உன் மூஞ்சி சரியா தெரியலேன்னு நான் இதுவரைக்கும் கவலைப்பட்டதே இல்ல" என்பாள் ரோண்டா.

அப்பாவின் காட்டைத் திங்களும் செவ்வாயும் பறித்து முடித்தோம். சுத்தமாக முடித்தோம், நானே காளை வரிசைகளுக்கு நடுவில் நின்று பார்த்தேன், பெண் வரிசை நாலும் மொட்டையாக இருந்தன. செவ்வாய் ராத்திரி நல்ல மழை. புதன் சாயங்காலம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார். அங்கங்கே குட்டைச் செடிகள் பின்தங்கிப் போயிருந்தன. இலைச் சுருளுக்குள் ஒளிந்திருந்த கொண்டைகள் மழை குடித்து ஒரே நாளில் வெளியே தலைநீட்டியிருந்தன. பத்தடிக்கு ஒன்று.

"இது நேத்து இல்லப்பா. சுருளுக்குள்ள இருந்ததை எப்படிப் பறிக்கறது?" என்றேன்.

"தெரியுது. உங்க மேல தப்பில்ல. மழை தள்ளிவிட்டது."

"கோச்கிட்ட நான் சொல்லிடட்டுமா?"

அப்பா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "இப்ப வேண்டாம், ஜென். பாப்போம்."

வேண்டாம் என்றது ஏன் என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டில்தான் புரிந்தது. பிள்ளைகள் விட்ட கொண்டை என்றால் மறுநடை இனாம். பிள்ளைகள் மேல் தப்பில்லாமல் தானாக வந்தது என்றால், மறுநடைக் கூலி விவசாயியின் கணக்கில் கழியும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. எண்ணூறு டாலருக்குக் குறையாது. அம்மா ஏடலின் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, பேங்க்காரர் அன்று மூன்றாவது தடவை போன் செய்ததைச் சொன்னாள். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நானும் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை கம்பெனி ஆள் வந்து எண்ணிப் பார்த்துவிட்டு, வெள்ளி இருட்டுவதற்குள் காடு சுத்தமாகாவிட்டால் மொத்த எண்பது ஏக்கரையும் விதைக்கு ஆகாதென்று தள்ளிவிடுவேன் என்று எழுதிக் கொடுத்துப் போனார். அவர் எண்ணும்போது அப்பா பக்கத்திலேயே நின்றார். வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ் எங்கள் காட்டோரம் வந்து நின்றது. கோச் முன்படியில் ஏறி நின்றார்.

"இந்தக் காட்டை மறுபடி நடக்கணும். பத்தடிக்கு ஒண்ணு நிக்குது, பார்க்கவே வெக்கமா இருக்கு. வசனம் உங்களுக்குத் தெரியும். இன்னிக்கு கூலி கிடையாது." பிறகு அவர் ரோண்டாவைப் பார்த்தார். "கண்ணு சரியில்லாத புள்ளைய அந்த வேலைக்குப் போட்டது என் தப்புதான். திங்கள்லேர்ந்து நீ வரிசையில நட."

ரோண்டா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். என் பக்கம் சாய்ந்து, "நான்தான் விட்டிருப்பேன், ஜென். தூரத்துல எல்லாம் ஒரே பச்சையாத்தான் தெரியும் எனக்கு. யார்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா வேற வேல குடுத்திருவாரேன்னு..." என்றாள்.

இல்லடி, நீ விடல, மழைதான் என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. கூடவே எண்ணூறு டாலரும் பேங்க்காரரும் வந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். இதை எழுதும்போதும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

கடைசி சீட்டிலிருந்து கர்ட், "நான் இறங்கல" என்றான்.

"என்னடா?"

"நூத்தி ரெண்டு டிகிரி அடிக்கப் போவுது, கோச். ஓசில வேகறதுக்கு நான் என்ன மாட்டுக்கறியா?"

ஒருவன் சிரித்தான். பிறகு இன்னொருத்தி "நானும் இறங்கல" என்றாள். அப்படியே முன்னால் வரைக்கும் வந்துவிட்டது. இருபத்து நாலு பேர்.

"இறங்காதவங்களுக்கு இன்னிக்கு வரவு கிடையாது. முழுவரவுப் பணமும் போயிரும். நல்லா யோசிச்சுக்குங்க" என்றார் கோச்.

யோசித்தார்கள். மூன்று வாரப் பணம், ஒவ்வொருத்தருக்கும் எழுபது எண்பது டாலர். ரோண்டாவின் கண்ணாடி முழுக்க அதற்குள்தான் இருந்தது. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்தாள், அவளும் இறங்கவில்லை. கோச் தன் பிக்கப்பில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அது என் அப்பாவின் காடு. நான் இறங்கினால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். "நீ வேணா போ ஜென், உங்க வீட்டுக் காடு" என்று கர்ட்டே சொன்னான், கிண்டல் இல்லாமல். இறங்கினால் பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்த மாதிரி, உட்கார்ந்தால் அப்பாவைக் கைவிட்ட மாதிரி. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தே இருந்தேன்.

அப்போது அப்பாவும் அம்மாவும் காட்டுக்குள் இறங்குவது தெரிந்தது. இரண்டு பேர், எண்பது ஏக்கர். அம்மா சர்ச்சுக்குப் போட்டுப் பழசான சட்டையின் கையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருந்தாள். அப்பா பஸ் பக்கம் திரும்பவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு ஒரு வரிசைக்குள் புகுந்தார். பஸ் உயரம் என்பதால் அவருடைய தொப்பி போவது எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. கொண்டைகள் அவர் தலைக்கு மேல் பறந்து விழுந்தன.

"பெரியவரு என்னா வேகம்டா! அடிக்கு ஒண்ணு பறக்குது" என்றான் கர்ட்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் எல்லாருடைய சிரிப்பும் நின்றது. பெண் வரிசையில் பத்தடிக்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அடிக்கு ஒரு கொண்டை பறக்கிறது என்றால்...

"அய்யோ, காளைய பிடுங்கறாருடோய்!"

எங்கள் ஊரில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூட முதல் நாளோடு விட்டுவிடும் தப்பு அது. கோபத்தில் இருந்தாரா, கண்ணீரில் இருந்தாரா, எனக்குத் தெரியாது. கண்ணில் கொண்டை பட்டது, கை போய்விட்டது. காளை வரிசை போனால் இரண்டு பக்கமும் இருக்கும் பெண் செடிகளுக்குக் கதிரே பிடிக்காது. பஸ் ஜன்னல் அத்தனையிலிருந்தும் பிள்ளைகள் தலையை வெளியே நீட்டி, "காளை! மிஸ்டர் ஹாவெல்கா, காளை! காளை!" என்று கத்தினார்கள். காற்று எதிரில் அடித்தது. அவருக்குக் கேட்கவில்லை, பிடுங்கிக்கொண்டே போனார்.

பஸ்ஸை விட்டு இறங்க மாட்டோம் என்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து இறங்கி ஓடினார்கள். கூலி வேண்டாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. தினமும் காலையில் தொடாதே தொடாதே என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குக் காளை வரிசை பறிபோவதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். நான் எல்லாருக்கும் முன்னால் ஓடினேன். இலை அறுத்துக் கன்னத்தில் ரத்தம். அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அப்பா, இது காளை."

அவர் கையில் இருந்த கொண்டையைப் பார்த்தார். திரும்பித் தான் வந்த வழியைப் பார்த்தார். நூறு கஜத்துக்கு மொட்டை. முகம் சாம்பலாகிவிட்டது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை, பார்த்திருக்கவும் வேண்டாம்.

பின்னால் பிள்ளைகள் மூச்சிரைக்க வந்து நின்றார்கள். ரோண்டாவும் நின்றாள், மூக்கிலிருந்து வழுக்கும் கண்ணாடியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு. கோச்சும் பிக்கப்பை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

நான் அப்பாவின் காதருகே போனேன். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். பிறகு தலையை ஆட்டினார்.

கோச் வந்ததும், "பரவால்ல, இறங்கிட்டீங்க இல்ல, அப்படியே ஆரம்பிங்க" என்றார்.

"நில்லு ரெஸேக்" என்றார் அப்பா. "இவங்க எதையும் விடல. செவ்வா ராத்திரி மழைக்கப்புறம் வந்தது இதெல்லாம். புதன்கிழமையே நான் பார்த்தேன்."

"பார்த்தியா? நேத்து கம்பெனிக்காரன் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தியே லென்!"

"நின்னேன்."

"அப்ப கூலி உன் கணக்குல போகும். தெரியுமில்ல?"

"அது தெரிஞ்சுதானேயா சும்மா இருந்தேன்."

இரண்டு வரிசை தள்ளி நின்ற அம்மா, "லென்!" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அதோடு சரி.

அப்பா ரோண்டாவிடம் திரும்பினார். "உன் கண்ணுல கோளாறு ஒண்ணும் இல்லம்மா."

"கோளாறு இருக்குங்க மிஸ்டர் ஹாவெல்கா, ஆனா இதுக்கு அது காரணமில்ல" என்றான் கர்ட். ரோண்டா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அழுதுகொண்டேதான் வைத்தாள். அவளிடம் நான் என்ன சொல்வது? "எனக்கும் தெரியும். புதன்கிழமையே தெரியும்" என்றேன். அவள் வரிசைக்குள் புகுந்து நாலைந்து கொண்டை பறித்தாள். "வரிசைய பாருடி" என்றாள் கடைசியில். மத்தியானம் தன் தண்ணீர் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு எண்பது ஏக்கரும் சுத்தம். கம்பெனி ஆள் எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அம்மா ஒரு பெரிய தட்டில் கசகசா வைத்த கொலாச்சி பன் கொண்டுவந்து பஸ்ஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்தாள், கோச்சுக்கு இரண்டு. தட்டு என் இடத்துக்கு வந்தபோது என்னைத் தாண்டிப் போய்விட்டது. நான் அப்பாவின் காதருகே கேட்டது அவள் காதிலும் விழுந்திருந்தது.

கம்பெனி அப்பாவுக்குத் தந்த காசோலையில் மறுநடைக் கூலி எண்ணூற்று நாற்பது டாலர் கழிந்தது. மொட்டையான காளை வரிசையால் விளைச்சல் கொஞ்சம் குறைந்ததும் சேர்ந்துகொண்டது. என் கவரில் அந்த வெள்ளிக்கிழமைக்கான முப்பது டாலரும் இருந்தது, அப்பாவின் பணம். அதை அம்மாவிடம் நீட்டினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே தலையை மட்டும் அசைத்தாள், வேண்டாம் என்று. அன்றிலிருந்து ஒன்றரை மாதம் என்னிடம் 'சாப்பிடு', 'கதவைச் சாத்து' தவிர வேறு பேச்சில்லை. என்னைக் கேட்டால் அடி வாங்கியிருக்கலாம்.

பேங்க்காரர் கேட்ட தொகையில் துண்டு விழுந்ததால் செப்டம்பரில் அம்மா க்ரீட் ஊருக்குப் பக்கத்தில் இருந்த முட்டைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். அதுவரை வீட்டுக்கு வெளியே சம்பளத்துக்கு வேலை பார்த்தவள் இல்லை. காலை நாலரைக்குக் கிளம்புவாள். அவள் கார் கிளம்பும் சத்தத்தைப் படுக்கையில் கேட்கும்போதெல்லாம், என் வாயால்தானே இந்த வினை என்று என் மேலேயே எரிச்சல் வரும். அப்பா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அவர் சொல்லாததால் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

முதல் சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை அம்மா தொழிற்சாலையில் தலைமுடிக்குப் போடும் வலையோடேயே சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள். கை முழுக்கக் கோழி வாடை. காசோலையை அப்பாவின் தட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

அப்பா எடுத்துப் பார்த்தார். "நீ சொன்னத விட கம்மியா இருக்கே, ஏடி?"

"ரெண்டு டாலர் பத்து சென்ட் பிடிச்சிருக்கான். என் தட்டுல உடைஞ்ச முட்டையாம்." அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கோழிக்கூண்டுலேர்ந்து வரும்போதே விரிசல் விட்டுத்தான் வருது. நான் உடைச்சேனா? எத்தன பேரு அங்க வருஷக்கணக்கா வாய மூடிட்டு வாங்கிட்டுப் போறாளுங்க தெரியுமா? பக்கத்துல நிக்கறவ சொல்றா, விடு ஏடலின், ரெண்டு டாலர்தானேன்னு."

"நீ என்ன பண்ணே?"

"மேஸ்திரி ரூம்க்குப் போய் நின்னேன். தலையில இந்த வலையோட, அவன் மேஜைக்கு முன்னால, பத்து நிமிஷம்."

"குடுத்தானா?"

"எங்க குடுத்தான்? நாளைக்கும் போய் நிப்பேன்" என்றாள் அம்மா. பிறகு குழம்புக் கிண்ணத்தை எடுத்து, ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, என் பக்கம் நகர்த்தினாள். "நீ சொல்லுடி. நாளைக்குப் போய் அவன்கிட்ட எப்படி ஆரம்பிக்கட்டும்?"